இரத்தினக் கம்பளமும் நமது ஆட்டு ரோமமும்

சேலம், நாமக்கல் சமவெளிகளிலுள்ள பண்ணை வீடுகளில் விவாகம், சீமந்தம் முதலிய சுபகாரியங்கள் நடைபெறுங்கால் கூடத்தில் விரிக்கப்படுவது பெரும்பாலும் பவானி ஜமக்காளமே ஆகும். குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் அக்கரையிலேயே இருப்பது பவானி. இவ்வாறு கைக்கெட்டிய தூரத்தில் நல்ல விரிப்புக் கிடைப்பதால், வேறு விரிப்பைப்பற்றி நம்மவர் அதிகம் நினைப்பதில்லை. ஆயினும் வசதியுள்ள சில குடும்பங்களில், பட்டுப்போல் மெத்தென்று, சிவப்பும் நீலமும் பொன்மஞ்சளுமாகப் பூவும் கொடியும் பொலிய, காலை வைத்தால் புதையும் கம்பளம் ஒன்று பெட்டியிலோ பரணிலோ சுருட்டி வைக்கப்பட்டிருப்பதுண்டு. இதனையே நம் முன்னோர் இரத்தினக் கம்பளம் என்றனர்.

அது ஆட்டு ரோமத்தால் ஆனது என்பதை அறிந்தவுடன் ஆடு வளர்க்கும் குடியானவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. “நம் பட்டியிலும் ஆடுகள் உள. கத்தரித்த ரோமத்தை விலைக்குக் கேட்பாரில்லை. கத்தரிக்கும் கூலிக்கும் அது கட்டவில்லை. அந்த ரோமத்தை இப்படிப்பட்ட கம்பளமாக்க இயலாதா?” என்பதே அது. இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கம்பளம் எவ்வாறு ஆகின்றது, அதற்கு எத்தகைய ரோமம் வேண்டும், நம்மிடம் உள்ளது எத்தகையது என்பவற்றை முறையே ஆராய்ந்தால்தான் விடை தெளிவாகும்.

கம்பளம் ஆகும் விதம்

ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு. ஊடையாகச் செல்லும் தடித்த வர்ண நூல் பாவை முழுதும் மறைத்துவிடுவதால் வர்ணப் பட்டைகள் தோன்றுகின்றன. இரத்தினக் கம்பளத்திலோ பாவும் ஊடையும் எலும்புக்கூடு போன்றவை. கண்ணுக்குத் தெரிவது அவற்றின்மேல் நிற்கும் ரோமமே. நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு இழைகளைக் கட்டி, இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து வர்ணக் கம்பளி நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தியால் அறுத்துவிடுவர். ஒரு வரிசை முடிச்சு முடிந்தபின் ஊடை நூலை ஓட்டி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவர். பின்பு அடுத்த வரிசை. முழுதும் நெய்து முடித்தபின் ரோமத்தைக் கத்தரியால் ஒரே மட்டமாகச் சீவிவிடுவர். முடிச்சில் துருக்கி முறை, பாரசீக முறை என்று இருவகை உண்டு. முன்னதில் நூல் இரண்டு பாவிழைகளையும் சுற்றி நடுவே வெளிவரும். பின்னதில் ஒன்றை முழுதும் சுற்றி மற்றொன்றின் பின்னே மட்டும் செல்லும்.

இதில் அடங்கிய உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. சதுர அங்குலத்திற்கு 100 முடிச்சுள்ள நடுத்தரக் கம்பளம் ஒன்று 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையதென்று கொள்வோம். அதன் பரப்பு 3,456 சதுர அங்குலம், முடிச்சுகள் 3,45,600. கைதேர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 7,000 முடிச்சு இடுவதாகக் கொண்டாலும், ஏறக்குறைய 50 நாள் தறிமுன் அமர்ந்தாக வேண்டும். நூல் நூற்பதும் சாயம் தோய்ப்பதும் இதில் சேரவில்லை. இலண்டன் பொருட்காட்சிச் சாலையிலுள்ள அர்தபீல் கம்பளம் என்னும் பாரசீகக் கம்பளத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகள் உண்டென்பர். அது நெய்யப்பட்டது 1539-40ஆம் ஆண்டு. இத்தொழிலின் பழமையோ அதனினும் மிக மிகப் பெரிது. சைபீரியாவின் அல்த்தாய் மலையில் பஜிரிக் என்னுமிடத்துப் பனிமூடிய கல்லறையொன்றில் 1949இல் கண்டெடுக்கப்பட்ட முடிச்சுக் கம்பளம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகட்குமேல் பழையது. அதன் சிவப்பு நிறம் இன்றும் தெரிகின்றது.

தென்னாட்டில் இத்தொழில்

முடிச்சுக் கம்பளத் தொழில் நமக்கு வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வந்ததே. அக்பர் சக்கரவர்த்தி ஆக்ரா, பத்தேபூர், லாகூர் ஆகிய இடங்களில் கம்பளச் சாலைகளை நடத்தினார். கோதாவரி கிருஷ்ணை நதிகளுக்கு இடைப்பட்ட ஏலூரிலும் மசூலிப்பட்டினத்திலும் பாரசீகத்திலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் இத்தொழிலைச் செய்து வந்தனர் என்பது வழக்கு. தக்காணத்துக் கம்பளங்களை ஒலாந்தர் கப்பலேற்றி ஜப்பான் வரையிற் கொண்டுசென்றனர். கியோட்டோ நகரத்து கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் பழைய கம்பளங்களிற் சில தக்காணத்தவை என்று அறிஞர் துணிந்துள்ளனர். தமிழ் நாட்டில் வாலாஜாபேட்டை கம்பளத்திற்குப் பெயர்பெற்று விளங்கியது.

1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெரிய கண்காட்சியில் இந்தியக் கம்பளங்களை வைத்தபின் ஐரோப்பாவில் அவற்றிற்குக் கிராக்கி மிகுந்தது. கிராக்கி மிகுந்தது நன்மையாகத்தானே முடியவேண்டும்? அவ்வாறு முடியவில்லை. மலிவாகவும் விரைவாகவும் வேண்டுமென்று வியாபாரிகள் நெருக்கினர். எரவாடா, ஆக்ரா முதலிய சிறைச்சாலைகளில் கைதிகளைக்கொண்டு கம்பளம் நெய்விக்கப்பட்டது. முடிச்சு நெருக்கம் குறைந்தது; ரோமம் கலப்படமாயிற்று; பழைய சாயங்கள் மறைந்தன. தலைமுறை தலைமுறையாகச் செய்தவர் போட்டிக்கு ஆற்றாமல் தறியைக் கைவிட்டனர். ஏலூரில் இத்தொழில் அடியோடு அழியாமல் தங்கியிருக்கின்றது. இன்று இந்தியாவில் கம்பளத் தொழிலுக்கு நடுநாயகமாக இருப்பது உத்தரப் பிரதேசத்திலுள்ள பதோகி, மிர்சாப்பூர் வட்டாரமே.

நமது ஆடுகள்

இனி நம் ஆடுகளுக்கு வருவோம். சேலம், நாமக்கல் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது மேச்சேரி இனம். இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு நிறம். கடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லை. இதன் உடலில் இருப்பது குட்டை மயிரேயன்றிக் கம்பளி ரோமம் அன்று. ஆகவே இதனைக் கத்தரிக்க வேண்டியதே இல்லை. இறைச்சிக்கும், அதனினும் மேலாகத் தோலுக்கும் மேச்சேரி ஆடு பெயர்பெற்றது. இதன் தோலுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் இவ்வினத்திற்கென்றே ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. கம்பளத்தைப்பற்றிய பேச்சில் இவ்வினத்திற்கு இடமில்லை.

ரோமம் தருவது திருச்சிக் கருப்பு ஆடு. கருங்குறும்பை என்றும் இதனை அழைப்பர். பெரம்பலூர், திருச்சி, அரியலூர்ப் பகுதிகளோடு சேலம், தர்மபுரிப் பகுதிகளிலும் இதனைக் காணலாம். சிறிய உடல், உடல் முழுதும் கருமை, கடாவுக்குக் கொம்பு, பெட்டைக்குக் கொம்பின்மை என்பன இதன் அடையாளங்கள். ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பர். ஒரு வெட்டில் ஓர் ஆட்டிலிருந்து கிடைக்கும் ரோமம் அரைக் கிலோவை எட்டுவது அரிது. மேற்கே கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கங்களில் தலையும் கழுத்தும் மட்டும் கருத்த அல்லது பழுத்த நிறமும் உடல் வெண்மையுமான கோயமுத்தூர் இனம் உண்டு. அதன் ரோமமும் முரடே. மெல்லிய ரோமம் தருவது நீலகிரி ஆடு ஒன்றே. அதுவோ குளிர்ந்த மலையில் வாழ்வது. எண்ணிக்கையிலும் மிகக் குறைந்துவிட்டது.

கம்பளத்திற்கு ஏற்ற ரோமம் எது? ஆடைக்குரிய மெரினோ ரோமம்போல மிக மென்மையாக இருத்தலும் கூடாது, மிதித்தால் படிந்துவிடும். மிக முரடாக இருத்தலும் கூடாது, ஒடிந்து உதிரும். நடுத்தரத் தடிமனும், மிதித்தபின் மீண்டும் நிமிர்ந்தெழும் வலிவும், பளபளப்பும், வெண்மையும் வேண்டும். ராஜஸ்தானத்திலுள்ள சோக்லா, மக்ரா முதலிய இனங்களின் ரோமம் இத்தகையது. பிக்கானீர்ச் சந்தையிலிருந்து பதோகிக்குச் செல்வது அதுவே. ரோமத்தின் உள்ளே தண்டுபோல் துளையுள்ள முரட்டு மயிர் மிகுந்திருந்தால் சாயம் சரியாக ஏறாது. ஏறினாலும் வெளிறித் தோன்றும். கருங்குறும்பையின் ரோமத்தில் இம்முரட்டு மயிர் மிகுதி. அன்றியும் அது இயற்கையிலேயே கருமை. கருப்பின்மேல் எந்தச் சாயத்தை ஏற்றுவது?

ஆகவே, நம் ஆட்டு ரோமத்தைக்கொண்டு பல வர்ண இரத்தினக் கம்பளம் நெய்து செல்வம் சேர்க்கலாம் என்று எவரேனும் கூறினால் அதனை நம்ப வேண்டாம். அப்படிக் கூறித் தறியும் கருவியும் விற்க வருவோரிடம் கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பழைய கம்பளங்களை நுணுகிப் பார்த்தால், பூக்களின் ஓரத்தைக் காட்டும் கருங்கோடுகள் பல இடங்களில் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். சுற்றிலுமுள்ள சிவப்பும் நீலமும் உயர்ந்தே நிற்கும். இதற்குக் காரணம் கருஞ்சாயமே. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளுடன் இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்யும் கருப்பு, நாளடைவில் ரோமத்தையே அரித்துத் தின்றுவிடும். இயற்கையில் கருத்த ரோமத்திற்கோ இந்த அரிப்பு இல்லை. சாயச் செலவும் இல்லை. ஆதலால் மென்மையான வெள்ளை ரோமத்தைப் பிரதானமாகக் கொண்ட கம்பளத்திலும், ஓரக்கோட்டிற்கு இயற்கைக் கருப்பு ரோமம் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். நம் கருப்பு ரோமத்திலும் மெல்லியதைப் பொறுக்கியெடுத்துச் சிறிது மென்மையான ரோமத்துடன் கலந்து நூற்றால் இதற்கு உதவக்கூடும். இது சிறு உபயோகமே. எனினும் பொய்யான பெரு நம்பிக்கையைவிட மெய்யான சிறு உபயோகம் மேலன்றோ?

கருங்குறும்பை ரோமத்தின் உண்மையான தொழில் கம்பளியே. குறும்பர் முதலிய இடையர் மரபினர் ரோமத்தை வில்லால் கொட்டிப் பஞ்சாக்கி, இராட்டையில் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சியைப் பாவுக்கு ஊட்டி, குறுகிய அகலத்தில் நெய்து, இரண்டு துண்டுகளை மூட்டித் தைப்பர். மழையில் நனைந்தாலும் உடலின் வெப்பத்தைக் காப்பது கம்பளி. ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாத இயல்புடையது. ஏற்றம் இறைத்தவரும், கரும்புக்கும் நிலக்கடலைக்கும் இராக்காவல் இருந்தவரும் இதன் அருமையை அறிவர். ஆசாரமுடையோர் இல்லங்களில் மடிக்கும் ஜபத்திற்கும் கம்பளித் துண்டு விலக்கின்றி ஏற்கப்பட்டது.

இப்பொழுது பானிப்பட்டு ஆலைகளில் பழங்கம்பளித் துணியைப் பிய்த்து நூற்ற நூலால் ஆகும் போர்வையும், செயற்கை இழைப் போர்வையும் மலிவாகக் கிடைக்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. இறைச்சி விலை ஏறிவிட்டது. இந்நிலையில் கருங்குறும்பைப் பெட்டைக்கு மேச்சேரிக் கடாவை விடத் தோன்றுவது இயல்பே. குட்டி சற்றுப் பருத்துப் பிறக்கும். கத்தரிக்கும் தொல்லையும் குறையும். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை இவ்வாறு சென்றால் அப்பட்டியில் கருங்குறும்பை என்று சொல்ல ஆடு இராது. வறட்சியையும் முட்புதர் மேய்ச்சலையும் தாங்கப் பல நூறாண்டுகளாகப் பழகிய இரத்தம் அது. ஒருமுறை கலந்துவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தும் பிரித்தெடுக்க இயலாது. ஆகையால் பட்டி முழுதும் கலப்புக்கு விடுபவர்கூட, நல்ல பெட்டைகள் சிலவற்றையாவது தனியே ஒதுக்கி, சொந்த இனக் கடாவையே அவற்றிற்கு விடுதல் வேண்டும். ஒரே கடாவை நெடுங்காலம் வைத்துக்கொள்ளாமல், அயலூரிலுள்ள அதே இனத்துக் கடாவை மாற்றிக்கொள்வதும் அவசியம்.

கத்தரிக்கும் முறை

ரோமத்திற்கு விலையில்லை என்பதற்கு நாமும் ஓரளவு காரணம் என்றே சொல்ல வேண்டும். முள்ளும் புழுக்கையும் மண்ணும் ஒட்டிய ரோமத்தை ஒரே சாக்கில் திணித்து விற்றால் வாங்குபவன் குப்பைக்கும் சேர்த்துக் குறைத்தே மதிப்பான். கோடை முற்றுமுன் மாசியிலும், வடகிழக்குப் பருவமழைக்குமுன் ஆவணி புரட்டாசியிலும் கத்தரிக்கலாம். கத்தரிப்பதற்கு இரண்டொரு நாள் முன்பு ஏரியிலோ ஓடையிலோ ஆடுகளைக் கழுவி, புல் நிறைந்த சுத்தமான இடத்தில் உலரவிட வேண்டும். ஈர ரோமத்தைக் கத்தரித்துக் கட்டினால் உள்ளே புழுங்கிக் கெடும். தரையில் கோணியோ தார்ப்பாயோ விரித்துக் கத்தரித்தல் நன்று. வயிறு, தொடை, வால் ஆகியவற்றின் அழுக்கு ரோமத்தை முதுகு, விலா ரோமத்துடன் சேர்க்கக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டுமுறை கத்தரி ஓட்டினால் துண்டு ரோமம் விழும். அது நூற்புக்கு உதவாது. அடையாளத்திற்காக ஆட்டின் முதுகில் தார் பூசும் வழக்கத்தை விட்டுவிடுக. தார் படிந்த ரோமத்தை எவ்விதத்திலும் சுத்தி செய்ய இயலாது.

ரோமத்தைக் கழுவச் சுண்ணாம்பையோ உவர்மண்ணையோ உபயோகிக்கலாகாது. காரம் ரோமத்தைக் கரைத்துவிடும். பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரே உத்தமம். கசக்கிப் பிழிந்தால் ரோமம் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுமாதலால் அமுக்கியெடுக்க வேண்டும்.

விற்க முடியாத கழிவு ரோமத்தை எரிக்க வேண்டாம். அது நல்ல தழைச்சத்து எரு. சுத்தமான ரோமத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் தழைச்சத்து அடங்கியிருக்கும். தென்னை, மா ஆகியவற்றின் பாத்தியில் புதைத்து மண் மூடினால் மெல்ல மக்கிச் சத்தைத் தருவதோடு ஈரத்தையும் காக்கும். மேலாகப் போட்டுவிட்டால் காற்றில் பறக்கும், நாயும் கிளறும். ஆட்டுக்கிடையால் நிலத்திற்கு உண்டாகும் பயனைப்பற்றி இந்நாட்டுக் குடியானவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சாயங்களைப்பற்றிச் சில வார்த்தை

கம்பளத்தின் அழகெல்லாம் சாயத்தில் உள்ளது. நீலத்திற்கு அவுரியும், சிவப்பிற்கு மஞ்சிட்டி வேரும் கொம்பரக்கும், மஞ்சளுக்கு மாதுளந்தோல் முதலியனவும் பழைய நாளில் உபயோகமாயின. ஒரு கிலோ ரோமத்திற்கு 150 முதல் 200 கிராம் வரை படிகாரம் சேர்த்து முதலில் ஊறவைத்துக் காய்ச்சினால்தான் சிவப்பும் மஞ்சளும் ரோமத்தைப் பற்றும். அவுரிக்குப் படிகாரம் வேண்டியதில்லை. நம் பக்கத்து விளைபொருளாகிய மஞ்சள் கண்ணைக் கவரும் நிறம் தரும். ஆனால் வெயிலில் விரைவில் வெளுத்துப்போகும். ஈரோட்டு மஞ்சளிடம் நமக்கு எவ்வளவு அபிமானம் இருப்பினும் இதனை மறைப்பதற்கில்லை.

1856இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் கரியெண்ணெயிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868இல் ஜர்மானியர் மஞ்சிட்டியின் சாயப்பொருளையும் செயற்கையாகச் செய்தனர். 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. அத்துடன் அவுரி பயிரிட்ட குடியானவர் பலர் வேறு பயிருக்கு மாற நேர்ந்தது. முதலில் வந்த செயற்கைச் சாயங்கள் வெயிலிலும் தண்ணீரிலும் நிற்கவில்லை. கம்பளங்கள் கெட்டுப் பெயர் கெட்டது அக்காலத்தில்தான். இப்பொழுது நல்ல செயற்கைச் சாயங்கள் உறுதியாகவே நிற்கின்றன. ஆதலால் இயற்கைச் சாயம் என்ற பெயரைக் கேட்டவுடன் மயங்குவதும், செயற்கை என்றவுடன் இகழ்வதும் சரியன்று. நிற்குமா நில்லாதா என்பதே கேள்வி.

வாங்குவோர் கவனத்திற்கு

கம்பளத்தைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முடிச்சுக் கம்பளமாயின் மேலுள்ள பூவேலை அடியிலும் தெளிவாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவிழைகளின் தொடர்ச்சியாகவே இருக்கும். அடிப்புறத்தில் துணி ஒட்டியிருந்தால், அது துணியில் நூலைக் குத்திப் பசையால் நிறுத்திய கம்பளம். அதற்கு முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுக்கலாகாது. ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்தினால் ரோமம் தலைமயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து தானே அணையும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி மணிபோல் இறுகும். செயற்கைப் பட்டு காகிதம்போல் எரிந்துவிடும். நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்பதையும் அறியலாம்.

உஷ்ணம் மிகுந்த நம் சமவெளியில் நித்திய உபயோகத்திற்கு இரத்தினக் கம்பளம் ஏற்றதா என்றால், அன்று என்பதே நம் எண்ணம். புழுதியை உள்வாங்கும், துவைக்க முடியாது. அன்றாடம் உட்காரவும் பந்தி விரிக்கவும் ஜமக்காளமும் கோரைப்பாயும் போதும். பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடு உண்டு. விசைத்தறிப் போலியைத் தள்ளிக் கைத்தறி ஜமக்காளத்தையே கேட்டு வாங்கினால் அக்கரையிலுள்ள நெசவாளர் பிழைப்பர். சேர்வராயன் மலையில் வீடுள்ளோருக்குக் கம்பளம் மெய்யாகவே உதவும்.

முன்னோர் வைத்த கம்பளம் உள்ளோர் அதைப் பரணில் மறந்துவிடலாகாது. அந்துப்பூச்சி பறக்கும் பருவத்தில் ஒன்றும் தின்பதில்லை; அதன் புழுவே ரோமத்தைத் தின்கிறது. இருளும் அசைவின்மையும் அழுக்கும் அதற்கு உகந்தவை. மாதம் ஒருமுறை எடுத்து, அடிப்புறம் மேலாக வெயிலில் சில நாழிகை விரித்து, மெதுவாகத் தட்டி, ரோமம் சாயும் திக்கிலேயே பெருக்க வேண்டும். மடித்தால் மடிப்பில் பாவு ஒடியும். மூங்கிற் கழியொன்றில் சுருட்டி, பழைய பருத்தித் துணியில் பொதிந்து, தரையில் படாமல் வைக்க வேண்டும். வேப்பிலையும் வசம்பும் வைப்பது நம் வழக்கம். அவற்றை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் திறவாமல் இருப்போரின் கம்பளமே பெரும்பாலும் சல்லடையாகின்றது.